டோட்டல் லாஸ்

நிரவி, காரைக்கால்
17 மார்ச் 2025

அன்புள்ள தம்பி அரிகரனுக்கு,

அக்கா எழுதுவது. நானும் சுவேதாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மஞ்சுளாவும் எப்படி இருக்கிறீர்கள்? மஞ்சுளாவுக்கு முதுகுவலி விட்டதா?

இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. சுவேதா படிக்கிற நர்சிங் காலேஜுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். நாற்பது பெண்களுக்குச் சமைக்க வேண்டும். தங்குவதற்கு ஒரு ரூம் கொடுத்திருக்கிறார்கள். குருவிநத்தம் வீட்டைப் பூட்டிச் சாவியை நாத்தனார் கலியம்மாள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ நாலு தடவை ஃபோன் செய்திருந்தாய். எடுக்கவில்லை என்று வருத்தப்படாதே. உன் குரலைக் கேட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்த அந்த மூன்று நாள்தான் ஞாபகம் வருகிறது. அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. வண்டிப் பேப்பர் எல்லாம் எப்படியும் கையெழுத்துக்காகத் தபாலில்தானே வரப்போகிறது. அதோடு நாலு வரி எழுதிப் போடு. நானும் எழுதுகிறேன்.

இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பின தாளில் "உரிமையாளர் விஜயராணி, ஓட்டுநர் இருசப்பன் (இறப்பு)" என்று இருக்கிறது. உரிமையாளர் என்று பெயர்தான். அந்தக் குட்டியானை லோடு வண்டியைப் பார்த்து வாங்கிக் கொடுத்தது நீ, ஓட்டினது உன் மாமா. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. நீதான் முன்னால் நின்று முடித்துக் கொடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்டுச் சொல். கருமாதி அன்று கலியம்மாள் அத்தனை பேர் எதிரில் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். "என் தம்பி திரும்பக் குடிக்க ஆரம்பிச்சிட்டான். வூட்ல நிம்மதி இல்லன்னா ஆம்பள இன்னா செய்வான்" என்றாள். அவர் குடியை விட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அன்றைக்குக் காலையில் எங்களுக்குள் சண்டை. சுவேதாவைப் பெண் பார்க்க வரச்சொல்லி யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டார், படிப்பு முடியவில்லையே என்று நான் கத்தினேன். டீ போட்டு வைத்ததைக்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வழியில் எங்காவது நிறுத்திக் குடித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. குடித்திருந்தால் அது என்னால்தான்.

வண்டியைப் பார்க்கிற சர்வேயருக்கு எப்படிக் கவிழ்ந்தது என்று தெரியும் என்கிறார்கள். கேட்டு எழுது.

அக்கா
விஜயராணி


வில்லியனூர்
28 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருப்பது தெரிந்து நிம்மதி. நான் நன்றாக இருக்கிறேன். மஞ்சுளாவுக்கு முதுகுவலி வெயில் வந்தபிறகு பரவாயில்லை.

பாகூர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியை விடுவித்து என் மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்து வந்துவிட்டேன். சர்வேயர் வந்து பார்த்தார். பெயர் பிரிட்டோ. அதிகம் பேசாத மனிதர். சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே படுத்து ஒன்றரை மணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்தார். அறுபது எழுபது போட்டோ எடுத்தார்.

அவர்கள் கணக்கை உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அடிபட்ட வண்டியை இரண்டாகப் பிரிப்பார்கள். சரி செய்ய ஆகிற செலவு பாலிசியில் போட்டிருக்கிற வண்டி மதிப்பில் முக்கால் பங்குக்குள் இருந்தால் ரிப்பேர். அதைத் தாண்டினால் டோட்டல் லாஸ். நம் வண்டிக்கு கேபின் நசுங்கி, இன்ஜின் பிளாக் விரிசல் விட்டு, முன் ஆக்சில் போய்விட்டது. சரி செய்கிற செலவு மதிப்பையே தாண்டுகிறது. அதனால் டோட்டல் லாஸ் என்று எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு மிச்சமிருக்கிற உடம்பை சால்வேஜ் என்பார்கள். தண்ணீரில் மூழ்கினது, எரிந்தது, நசுங்கினது என்று தனித்தனியாக எழுதி ஏலம் விடுவார்கள். மூழ்கின வண்டியில் பாடி நன்றாக இருக்கும், வயரிங் போயிருக்கும். நசுங்கினதில் பின்பக்கம் தேறும். வாங்குகிறவன் எதற்கு வாங்குகிறான் என்பதைப் பொறுத்து விலை. அந்த உடம்பை நாமே வைத்துக்கொண்டால் அதன் விலையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். அவர்களிடமே கொடுத்தால் ஏலம் எடுத்தவன் வந்து தூக்கிப் போவான்.

பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போடு. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும், இனிஷியல் மாறினால் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு சாவியும் வேண்டும். ஒன்று என்னிடம் இருக்கிறது.

சுவேதாவை நன்றாகப் படிக்கச் சொல்.

உன் தம்பி
அரிகரன்


நிரவி
6 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். சுவேதா பக்கம் பக்கமாகச் சரிபார்த்தாள். இன்னொரு சாவி அரிசி டப்பாவில் இருந்தது, கலியம்மாளிடம் சொல்லி எடுத்துக்கொள்.

நான் கேட்ட ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. வேலை அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். சர்வேயர் ஒன்றரை மணி நேரம் கீழே படுத்து எதைப் பார்த்தார்? மேலே நசுங்கின வண்டிக்குக் கீழே என்ன வேலை?

உடம்பை நாம் வைத்துக்கொள்ள வேண்டாம். அதைப் பார்க்கவும் எனக்கு மனசில்லை. அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். எடுத்துப் போய் அதை என்ன செய்வார்கள் என்று மட்டும் தெரிந்தால் சொல்.

இங்கே வெயில் தாங்கவில்லை. இரண்டு அடுப்புக்கு நடுவில் நிற்கிறேன்.

அக்கா


வில்லியனூர்
9 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. ஷெட்டில் வேலை அதிகம். உனக்கு அடுப்புச் சூட்டில் உடம்பு என்ன ஆகிறதோ என்று மஞ்சுளா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மோர் நிறையக் குடி.

கீழே படுத்துப் பார்ப்பது சர்வேயர்களுக்கு வழக்கம்தான். வேறொன்றும் இல்லை. கவிழ்ந்ததற்குக் காரணம் எல்லாம் அவர்கள் ஆழமாகப் பார்க்க மாட்டார்கள். செலவு எவ்வளவு என்பதுதான் அவர்கள் வேலை.

எடுத்துப் போய் என்ன செய்வார்கள் என்று கேட்டாய். அதில் ஒரு விஷயம் இருக்கிறது, நீ முடிவு செய்ய வேண்டும். சால்வேஜை ஆர்.சி.யோடு கொடுக்கலாம், ஆர்.சி. இல்லாமலும் கொடுக்கலாம். ஆர்.சி.யோடு கொடுத்தால் விலை கூட வரும், ஏனென்றால் வாங்குகிறவன் அதைச் சரி செய்து அதே நம்பரில் ரோட்டில் ஓட்டலாம், விற்கலாம். ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டால் அது வெறும் இரும்பு. சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், நம்பர் அடித்திருக்கிற துண்டை வெட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒப்படைத்துவிட வேண்டும். மிச்சம் உருக்குகிற இடத்துக்குப் போகும். விலை குறைவு.

ஆர்.சி.யை ரத்து செய்துவிடுவோம் அக்கா. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேறு மாதிரி சொல்வான், கேட்காதே. அதில் குறைகிறதை நான் என் கையிலிருந்து தருகிறேன். ரத்து செய்வதற்கான விண்ணப்பம் இதோடு இருக்கிறது. உடனே அனுப்பு.

தம்பி
அரிகரன்


நிரவி
17 மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மஞ்சுளாவிடம் மோர் குடிக்கிறேன் என்று சொல்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. நீ சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் உயிரை எடுத்த வண்டியில் இன்னொருத்தர் வீட்டு ஆள் உட்கார வேண்டாம். உன் கைக்காசு எதற்கு? அதைப் பற்றி இனிமேல் எழுதாதே. ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது. பழைய வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட வீணாக்காதவன் நீ. நீயே முழு வண்டியை உருக்கச் சொல்கிறாயே என்று சுவேதாவிடம் சொன்னேன்.

அவளுக்கு வாத்தியாராக இருக்கிற ஒருத்தர் சொன்னாராம், சர்வே ரிப்போர்ட்டை வண்டி உரிமையாளர் கேட்டால் கொடுத்தாக வேண்டுமாம். ஒரு காப்பி வாங்கி அனுப்பு. எனக்கு இங்கிலீஷ் வராது, சுவேதா படித்துச் சொல்வாள்.

போன வாரம் கலியம்மாள் ஃபோன் செய்தாள். ஸ்டேஷனில் கேஸ் கட்டை மூடிவிட்டார்களாம். ஓட்டுநர் அஜாக்கிரதையாக ஓட்டியதால் விபத்து, ஓட்டுநர் இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கை இல்லை என்று எழுதியிருக்கிறதாம். "நான் சொன்னது இன்னா" என்றாள். ஃபோனை வைத்துவிட்டேன். சுவேதா அவள் அப்பா போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறாள். என்னால் அதன் பக்கம் திரும்ப முடியவில்லை. இரண்டு வருஷம் ஒழுங்காக இருந்தவரை ஒரு காலையில் நான் கெடுத்துவிட்டேன் என்றே இருக்கிறது.

அக்கா


வில்லியனூர்
21 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். உன் கால் வீக்கம் பற்றி சுவேதா மஞ்சுளாவுக்கு மெசேஜ் போட்டிருந்தாள். நின்றுகொண்டே வேலை செய்யாதே, ஸ்டூல் போட்டுக்கொள்.

நீ கேட்ட சர்வே ரிப்போர்ட் காப்பி வைத்திருக்கிறேன். கம்பெனி முழுத் தொகை தராது போலிருக்கிறது. கொஞ்சம் வழக்கத்துக்கு மாறான கேஸ் என்று சொல்லி முக்கால் பங்கு தருவதாகப் பேச்சு. ஒத்துக்கொள்வது நல்லது. இழுத்தால் வருஷக்கணக்கில் இழுப்பார்கள்.

ஆர்.சி. ரத்தாகிவிட்டது. நம்பர் இருந்த துண்டை நானே கட்டிங் டார்ச்சில் வெட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தேன். மறுநாள் லாரி வந்து மிச்சத்தை ஏற்றிப் போயிற்று. இனி அந்த வண்டி இல்லை.

வேறு விசேஷம் இல்லை.

அரிகரன்


நிரவி
28 ஜூன் 2025

தம்பிக்கு,

ரிப்போர்ட் வந்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும் நாலில் ஒன்று, நாலில் இரண்டு என்று அச்சடித்திருக்கிறது. ஒன்று, இரண்டு, நாலு இருக்கிறது. மூன்றாம் பக்கம் இல்லை.

ஜெராக்ஸ் கடையில் விட்டுப்போயிருக்கும். அனுப்பி வை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


நிரவி
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து சுவேதாவை விட்டு மஞ்சுளாவிடம் கேட்கச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்காரு, ஆனா சரியா சாப்பிடறதில்ல, ஷெட்டையும் பாதி நாள் திறக்கறதில்ல" என்றாளாம்.

அந்தப் பக்கத்தைக் கேட்டுக் கம்பெனிக்கு எழுத சுவேதா பேப்பரை எடுத்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். அதில் என்ன இருந்தாலும் உன் கையிலிருந்து வரட்டும். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். அம்மா போனபோது உனக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று. நீ பொய் சொன்னால் எனக்குத் தெரியும். அதனால்தான் ஃபோன் வேண்டாம் என்று நான் சொன்னதும் நீ ஒரு தடவைகூட மறுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அவர் குடித்திருந்தார் என்று அதில் எழுதியிருந்தாலும் அனுப்பு. நான் தாங்கிக்கொள்வேன்.

அக்கா


வில்லியனூர்
14 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

மூன்றாம் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். சுவேதா படித்துச் சொல்வதற்கு முன்னால் நான் எழுதுவதை நீ படித்துவிடு.

மாமா குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எழுதின ஏட்டைச் சர்வேயர் வாங்கிப் பார்த்திருக்கிறார். மது வாடை இல்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் முதல் பாராவிலேயே அது இருக்கிறது.

இரண்டாவது பாரா என்னைப் பற்றியது. பெயர் இல்லை, ஆனால் என்னைப் பற்றித்தான். கேபினுக்குப் பின்னால் சேஸின் இரண்டு பக்கமும் வெட்டிப் பற்றவைத்த பழைய ஒட்டு இருந்ததாகவும், இடது பக்கத்து ஒட்டு விட்டுப்போனதால் வண்டி ஓட்டத்தில் மடங்கிக் கவிழ்ந்ததாகவும் எழுதியிருக்கிறது. இதே வண்டி 2022-இல் வேறொரு கம்பெனியில் டோட்டல் லாஸ் ஆகி ஆர்.சி.யோடு விற்கப்பட்டது என்றும் இருக்கிறது.

விழுப்புரத்துக்கு மேற்கே ஒரு யார்டில் முன்பக்கம் நசுங்கிக் கிடந்த வண்டி அது. நான்தான் வாங்கினேன். வேறொரு வண்டியின் முன்பாதியை வாங்கி, இரண்டையும் வெட்டி ஒன்றாகச் சேர்த்தேன். வெல்டிங் என் கை. உள்ளே பட்டை வைத்துப் பலப்படுத்தினேன், பத்து வருஷம் தாங்கும் என்று நம்பினேன். இங்கே இப்படி ஓடுகிற வண்டிகள் எத்தனையோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் ஒரே கை மாறின வண்டி, ஷோரூம் கண்டிஷன் என்று சொன்னேன். என் கூலியைக்கூட உங்களிடம் வாங்கவில்லை. அக்காவுக்குச் செய்தோம் என்று அப்போது பெருமையாக இருந்தது.

இதுவரை எழுதினதை நீ மன்னிக்கலாம். இனி எழுதுவதை மன்னிப்பாயா என்று தெரியாது.

ஜனவரியில், பொங்கல் கழிந்து நாலாம் நாள், மாமா வண்டியை ஷெட்டுக்குக் கொண்டு வந்தார். "சீட்டு முதுகாண்ட கடகடன்னு சத்தம் வருதுடா, லோடு ஏத்துனா ஒரு பக்கமா இழுக்குது. இன்னான்னு பாரு" என்றார். கீழே போய்ப் பார்த்தேன். இடது ஒட்டில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அதைச் சரியாகச் செய்ய வேண்டுமானால் பாடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் ஒட்டு வெளியில் தெரியும். மாமா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மேலாக ஒரு வெல்டிங் இழுத்து, கருப்பு பெயிண்ட் அடித்தேன். "ஸ்பிரிங் போல்ட்டுதான் மாமா, டைட் வெச்சிட்டேன்" என்றேன். "நீ பார்த்தா சரிடா" என்றார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு நாள் அவர் இல்லாதபோது வண்டியை எடுத்து வந்து முழுசாகச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். தினமும் நினைத்தேன். ஒரு மாதத்தில் கன்னியக்கோயில் திருப்பத்தில் வாழைத்தார் லோடோடு போய்விட்டது.

பிரிட்டோ கீழே இருந்து எழுந்து வந்து என்னைப் பார்த்து, "இது ஏற்கனவே ஒருதரம் செத்த வண்டி, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் என் கையில் இருந்த சூட்டுத் தழும்புகளைப் பார்த்தார்.

இதைச் சொன்னால் உனக்கு வர வேண்டிய பணம் நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. கம்பெனிக்கு ரிப்போர்ட்டிலேயே தெரியும், அதனால்தான் முக்கால் பங்கு. தெரியாதது உனக்கு மட்டும்தான்.

நீ மார்ச்சில் "அது என்னால்தான்" என்று எழுதினாய். அந்தக் கடிதத்தை ஷெட்டில் வைத்துப் படித்தேன். அன்றைக்கே இதை எழுதியிருக்க வேண்டும். அந்த வரியை நீ ஐந்து மாதம் சுமக்கும்படி விட்டேன்.

அரிகரன்


நிரவி
29 செப்டம்பர் 2025

அரிகரனுக்கு,

உன் கடிதத்தை ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி படித்தேன். சுவேதா மூன்றாம் பக்கத்தை இரண்டு தடவை தமிழில் சொன்னாள். அன்றைக்கு ஹாஸ்டலில் சாம்பாருக்கு உப்பு போட மறந்துவிட்டேன்.

மறுவாரம் லீவு சொல்லிவிட்டுக் குருவிநத்தம் போனேன். அங்கிருந்து உன் ஊர் கொஞ்ச தூரம்தான், ஆனால் வில்லியனூருக்கு வரவில்லை. கலியம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துக்காரர்கள் நாலைந்து பேர் இருக்கும்போதே, அந்தப் பக்கத்தைச் சுவேதாவைப் படிக்கச் சொன்னேன். என் தம்பி செய்த வண்டி என்பதையும் நானே சொன்னேன். கலியம்மாள் அந்தத் தாளை வாங்கித் தடவிப் பார்த்தாள். அப்புறம், "அப்ப அவன் நல்லாத்தான் போயிருக்கான்" என்றாள். அதற்குப் பிறகு அழுதாள். பிப்ரவரியில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழவில்லை, இப்போதுதான் அழுதோம். வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள், வேண்டாம், உன்னிடமே இருக்கட்டும் என்றேன்.

உன்னைப் பற்றிப் போலீஸில் சொல்ல வேண்டுமா என்று சுவேதா கேட்டாள். அவளுக்குக் கோபம் அதிகம், அது அவள் அப்பா. என் மனசில் என்ன இருக்கிறது என்று என்னாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் குடிக்கவில்லை என்று தெரிந்த இரவு நான் ஆறு மாதத்தில் முதல்முறையாகத் தூங்கினேன். விடிந்து எழுந்ததும் உன்மேல் ஆத்திரம் பொங்கியது. இரண்டும் ஒரே காகிதத்தில் வந்தது.

அவர் ஜனவரியில் உன்னிடம் வந்த அன்று வீட்டுக்கு வந்து, "அரி பார்த்துட்டான், இனிமே பயமில்ல" என்று சொன்னார். நான் அதை உனக்குச் சொல்லாமல் விட நினைத்தேன். முடியவில்லை.

ஒரு கேள்வி கேட்கிறேன். இதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் எழுது. நீ இப்படி ஒட்டிக் கொடுத்த வண்டி இது ஒன்றுதானா?

விஜயராணி


வில்லியனூர்
7 டிசம்பர் 2025

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். மாமா வண்டியைச் சேர்த்து நாலு. எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்ப மனம் வரவில்லை, அதனால் இரண்டு மாதம் ஆகிவிட்டது.

முதலில் பாகூர் ஸ்டேஷனுக்குப் போனேன். மூன்றாம் பக்கத்தையும் நான் எழுதிய வாக்குமூலத்தையும் கொடுத்தேன். அங்கே இருந்தவர் படித்துப் பார்த்து, "முடிஞ்ச கேஸ ஏன்யா தோண்டற?" என்றார். இறந்தவர் பெயரில் தப்பு எழுதியிருக்கிறது, அது என் பெயரில் இருக்க வேண்டியது என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். இனி என்ன வரும் என்று தெரியாது. மஞ்சுளாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பத்து நாள் அவள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்தாள்.

அப்புறம் வண்டிகள். ஒன்று காட்டேரிக்குப்பத்தில் செங்கல் லோடு அடிக்கிறது. அந்த ஆளிடம் போய் ஒட்டு இருக்கிற இடத்தைக் காட்டினேன். ஓங்கி ஒரு அறை விட்டார். அறைந்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். வாரம் இரண்டு நாள் அவர் பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து ஸ்கூலுக்குப் போவார்களாம். அந்த வண்டியை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று பூரணாங்குப்பத்தில் செங்கமலம் என்கிற அம்மா, மீன் ஏற்றிப் போகிற வண்டி. ஒட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொன்னேன். "வண்டி இல்லன்னா நான் இன்னாத்த தூக்கிட்டுப் போறது?" என்று கேட்டார்கள். என் சொந்த வண்டியை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். அது ஷோரூமில் புதிதாக எடுத்தது, பில் இருக்கிறது, காட்டினேன். நான் இப்போது பஸ்ஸில் போகிறேன். ஷெட்டில் பாதி இடத்தை ஒரு பஞ்சர் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டாயிற்று.

இரண்டு வண்டிக்கும் ஆர்.சி. ரத்துக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. சொந்தக்காரர்களைக் கூட்டிப் போய் அவர்கள் முன்னாலேயே நம்பரை வெட்டினேன்.

நாலாவது திண்டிவனம் ஆள் ஒருத்தர் வாங்கினார். அவர் விற்றுவிட்டார். வாங்கினவரும் செஞ்சிப் பக்கம் யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார், பெயர் மாற்றவில்லை. நம்பர் என்னிடம் இருக்கிறது. இரண்டு தடவை போய்ச் சந்தை, மண்டி, செங்கல் சூளை எல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை.

மாசியில் மாமாவுக்கு வருஷம் திரும்புகிறது. நான் வரலாமா என்று கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

அரிகரன்


நிரவி
16 டிசம்பர் 2025

அரிகரனுக்கு,

கால் வீக்கம் குறைந்திருக்கிறது. சுவேதாவுக்குப் பரீட்சை நடக்கிறது. காலையில் நாலு மணிக்கு எழுப்பிவிடுகிறேன்.

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து, "அறை வாங்குன கன்னம் வீங்கியிருந்துதாமா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவ்வளவுதான் பேசினாள். அவளை அவசரப்படுத்தாதே. நானும் அவசரப்படவில்லை.

திதிக்கு வருவதைப் பற்றிக் கேட்டாய். செஞ்சிப் பக்கம் ஒருத்தன் இன்றைக்குக் காலையிலும் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்திருப்பான். அவன் வீட்டிலும் யாராவது டீ போட்டு வைத்திருப்பார்கள். கோபமாகப் போனானா, சிரித்துக்கொண்டு போனானா, நமக்குத் தெரியாது. அவன் திரும்பி வர வேண்டும்.

அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டு வா. மாசிக்குள் முடிந்தால் மாசியில் வா. முடியாவிட்டால் எப்போது முடிகிறதோ அப்போது வா. அதற்கு முன்னால் வராதே.

பஸ்ஸில் அலைகிறாய். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
விஜயராணி